வேர் கற்றுத் தரும் தவக்குல்

  



"ஹஜ்ரத், ஐந்து வேளையும் தொழுகிறேன். துஆவும் கேட்கிறேன். ரிஸ்க்கின் வாசல் மட்டும் திறக்கவில்லையே! இனித் தேடப் போவதில்லை, அல்லாஹ் விட்ட வழி" என்று சுப்ஹுத் தொழுகைக்குப் பின் ஒரு வாலிபர் கண் கலங்கினார். வேலை போய்ப் பல மாதங்களாகிவிட்டன. அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

திருக்குர்ஆனின் 57வது சூராவுக்கு 'அல்ஹதீத்', அதாவது இரும்பு என்று பெயர். பூமியின் மேலோட்டில் எடைக்கணக்கில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பங்கு இரும்புதான். ஆயினும் சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் அது நீரில் கரையாமல் துருவைப் போல் இறுகிக் கிடக்கும். காலடியில் குவியல் இருந்தும் பயிருக்குப் பட்டினி! நிலக்கடலையின் இளந்தளிர் மஞ்சளித்து, நரம்பு மட்டும் பச்சையாய் நிற்பது இதனால்தான்.

அப்போது வேர் சும்மா இருக்கிறதா? இல்லை. தன் உள்வேலையையே மாற்றிக்கொள்கிறது. நிலக்கடலை, பட்டாணி, தக்காளி ஆகியவற்றின் வேர்கள் சுற்றியுள்ள மண்ணில் புளிப்பைக் கசியவிட்டு, இறுகிய இரும்பை இளக்கி, தமக்கு ஏற்ற வடிவாக்கி உறிஞ்சுகின்றன.

வாற்கோதுமையின் வழி வேறு. தன் உடலிலுள்ள அமினோ அமிலத்தைச் செலவிட்டு ஒரு பொருளைத் தயாரித்து மண்ணுக்குள் அனுப்புகிறது. அது போய் இரும்பைப் பற்றிக்கொள்ள, இரண்டையும் சேர்த்து வேர் உள்ளே ஏற்கிறது. இத்தகைய பொருட்களை ஓட்ஸ், நெல் ஆகியவற்றின் வேர்களைக் கழுவிய நீரில் கண்டு, 1976-ல் ஜப்பானிய அறிஞர் தக்காகி எழுதினார். வாற்கோதுமை எந்நேரமும் இதை அனுப்புவதில்லை. பொழுது விடிந்த சில மணி நேரத்திற்குள் பெரும்பகுதியை அனுப்பிவிடுகிறது. ஸுப்ஹானல்லாஹ்!

தம் உம்மத்தின் அதிகாலையில் பரக்கத் வேண்டி நாயகம் (ஸல்) அவர்கள் துஆச் செய்தார்கள். காலையில் பசித்த வயிற்றோடு புறப்பட்டு, மாலையில் நிறைந்து திரும்பும் பறவையைத் தவக்குலுக்கு உவமை காட்டினார்கள். கூட்டிலேயே கிடக்கும் பறவையை அல்ல! கையில் உள்ளதைக் கொடுத்துத் தேடுவதும் தவக்குல்தான். தேவை நிறைந்ததும் வேர் அந்தத் தேட்டத்தைக் குறைத்துக்கொள்வதைப் போல், போதுமென்று நிற்பதும் ஈமானின் அழகுதான்.

வசதி படைத்தோரே! வேரின் முயற்சி போதாதபோது, விவசாயி அன்னபேதி உப்பைக் கரைத்து இலையில் தெளிக்கிறார். "உனக்கு முயற்சி போதாது" என்று அவர் செடியை ஏசுவதில்லை. மஹல்லாவில் வாடி நிற்கும் பிள்ளைகளுக்கு உங்கள் ஜகாத்தும், ஒரு வேலைக்கான சிபாரிசும் அந்தத் தெளிப்பாகட்டும்.

ஹலாலான ரிஸ்க்கைத் தேடும் உறுதியையும், கிடைத்ததில் பரக்கத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.