விளையாட்டும் உண்மையும்

பௌதிகவியலைக் கணினி விளையாட்டுகளின் வாயிலாகக் கற்பித்தல் தகுமா என்னும் வினா இன்று ஆசிரியரிடையே எழுந்துள்ளது. தகும் என்போர், கசப்பு மருந்தைத் தேனிற் குழைத்துக் கொடுப்பது போன்றதே இது என்கின்றனர். தகாது என்போர், வருந்தாமல் அறிவு வாராது என்கின்றனர். இரு சாராரும் ஓர் எண்ணத்தில் ஒன்றுபடுகின்றனர்: கல்வி இயல்பாகவே கசப்பானது என்பதே அது. அவ்வெண்ணத்தையே நாம் முதலில் ஐயுற வேண்டும்.

1958ஆம் ஆண்டு ஒக்டோபரில், அமெரிக்காவின் புறூக்ஹேவன் ஆய்வுகூடத்தைப் பார்க்க வந்த பொதுமக்களுக்காக வில்லியம் ஹிகின்பொதம் என்னும் பௌதிகவியலாளர் ஒரு டென்னிஸ் விளையாட்டை ஆக்கினார். அணுகுண்டு ஆக்கத்தில் பங்குகொண்டு, பின்னர் அணுவாயுதக் கட்டுப்பாட்டுக்காகப் பாடுபட்டவர் அவர். எறிபொருள்களின் பாதையைக் கணிக்கவல்ல இயந்திரத்தைக் கொண்டே, சிறு திரையில் ஒளிப்புள்ளி ஒன்றைப் பந்தாகத் துள்ளவைத்தார். மக்கள் வரிசையில் நின்று விளையாடினர். கணிதத்தைக் கண்டு அஞ்சுவோரும் அங்கே கணிதத்தோடு விளையாடினர் என்பதை நாம் மறத்தலாகாது.

எனினும், களிப்பு வேறு, கற்றல் வேறு. இதனை விளக்க வேறோர் எடுத்துக்காட்டு உண்டு. அந்திரியா டிசெசா என்னும் ஆய்வாளர் 1982இல் வெளியிட்ட ஆய்வில், உராய்வில்லாத் திரையில் நியூற்றனின் விதிப்படி இயங்கும் ‘ஆமை’ ஒன்றைச் சிறுவர்களிடம் கொடுத்தார். மேல்நோக்கிச் செல்லும் ஆமையைப் பக்கவாட்டில் உதைத்தால் அது பக்கவாட்டிலேயே திரும்பிச் செல்லும் என அவர்கள் எதிர்பார்த்தனர். அதுவோ சாய்வாகச் சென்றது. முன்னைய வேகம் அழியவில்லை. பௌதிகம் பயின்ற பல்கலைக்கழக மாணவி ஒருவரும் அச்சிறுவரைப் போலவே தடுமாறினார் என்பது நம் சிந்தனைக்குரியது. விதியை அவர் அறிந்திருந்தார். ஆனால் கை அதனை நம்பவில்லை. மாடு நின்றால் வண்டி நிற்கும் உலகில் வளர்ந்த நம் எல்லோரின் கையும் அரிஸ்டோட்டிலின் மாணாக்கனே. பரீட்சைத் தாள் நாவைச் சோதிக்கிறது. நல்ல விளையாட்டோ கையின் நம்பிக்கையை வெளிக்கொணர்ந்து, அது தவறென யாரும் ஏளனம் செய்யாமலே காட்டிவிடுகிறது.

இங்கேதான் அறவினா பிறக்கிறது. விளையாட்டை ஆக்குவோன் ஓர் உலகுக்குச் சட்டமியற்றுகிறான். பாய்ந்த வீரன் நடுவானில் நினைத்தபடி திரும்பும் விளையாட்டுகள் பல. கதையென்ற அளவில் அவற்றிற் குற்றமில்லை. கற்பிப்பதாகக் கூறிக்கொண்டு அவ்வாறு செய்வதோ வஞ்சனையாகும். ஆனால் எளிமைப்படுத்தல் யாவும் பொய்யன்று. 2011இல் வெளிவரத் தொடங்கிய ‘கேர்பல் விண்வெளித் திட்டம்’ என்னும் விளையாட்டில், தாயகக் கோளின் ஆரை நம் பூமியினதில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கே. ஓடத்தை ஒருநேரத்தில் ஒரு கோளமே ஈர்க்கும். ஆயினும், ஒரே சுற்றுப்பாதையில் முன்செல்லும் ஓடத்தை எட்டிப்பிடிக்க வேண்டுமாயின் வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்த பாதைக்கு இறங்கவேண்டும் என்னும் வியத்தகு உண்மையை அது பிழையின்றி உணர்த்துகிறது. எதனை விட்டோம், எதனைச் சுருக்கினோம் என்று வெளிப்படச் சொல்வதே ஆக்குவோனின் கடமை.

இரண்டாவது கடமை, கையூட்டுக் கொடாதிருத்தல். சரியான விடைக்கு நாணயமும் வாணவேடிக்கையும் வழங்கினால், பிள்ளை நாணயம் சேர்க்கவே கற்கும். விதியை உணர்ந்தாலன்றி வெல்ல முடியாதவாறு, இயற்கை விதியே தடையாகவும் கருவியாகவும் அமைதல் வேண்டும். மூன்றாவது, பொருளுள்ளோர் வீட்டுப் பிள்ளைகளோடு இது நின்றுவிடலாகாது. கொலராடோப் பல்கலைக்கழகத்தில் காள் வீமன் 2002இல் தொடங்கிய ‘பெற்’ என்னும் முயற்சி, பௌதிகக் காட்சியமைப்புகளை யாவருக்கும் இலவசமாக வழங்கிவருகிறது. இத்துறையில் அது நல்வழிகாட்டி.

இத்தனையும் அமைந்தபின்னும் ஒன்று எஞ்சுகிறது. திரை அளிப்பது மனிதனின் சாட்சியமே, இயற்கையின் சாட்சியமன்று. ஆசிரியர் சொன்னார் என்று நம்பிய பிள்ளை, இனித் திரை காட்டியது என்று நம்புமாயின் நாம் எதனைச் சாதித்தோம்? ஆதலின், விளையாட்டு முடிந்ததும் ஆசிரியர் பிள்ளைகளை முற்றத்துக்கு அழைத்துச் செல்லட்டும். அவர்கள் ஒரு கல்லை எறிந்து பார்க்கட்டும். திரையிற் கண்டதும் கண்ணெதிரே நிகழ்வதும் எங்கே ஒத்தன, எங்கே வேறுபட்டன, ஏன் வேறுபட்டன என்று அவர்களே கேட்கட்டும். அக்கேள்வியை எழுப்பாத விளையாட்டு எத்துணை இனிதாயினும், கற்பித்தது என்று அதனைச் சொல்ல நாம் உடன்படோம்.