ஒரே மொழி, ஒரே மக்களா?

இனம் எதனால் அமைகிறது? குருதியாலா, கும்பிடும் தெய்வத்தாலா, கூப்பிடும் பெயராலா, பேசும் மொழியாலா? ஏடுகளைப் புரட்டி விடை தேடுவோர் தேடட்டும். நாம் முத்துக்குளித்துறைக் கரையைப் பார்ப்போம்.

பெரியதாழையிலிருந்து கடலோரமாகவே வடக்கே சென்றால் மணப்பாடு, திருச்செந்தூர், காயல்பட்டினம், புன்னைக்காயல் என ஊர்கள் வரும். இக்கரைப் பரதவரிடையே பெர்னாண்டோ, ரொட்ரிகோ என்னும் பெயர்கள் உண்டு. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழி வந்த பெயர்கள் அவை. திருச்செந்தூரில் முருகன் கோயில். காயல்பட்டினத்து முஸ்லிம்களோ தமிழை அரபு எழுத்திலும் எழுதி வந்தவர்கள். பெயர் வேறு, எழுத்து வேறு, தொழுகை வேறு; தாலாட்டும் ஒப்பாரியும் மட்டும் தமிழ்! கடல் கடந்து சமயம் பரப்ப வந்த ஹென்றிக்கஸ் பாதிரியாரும் இம்மக்களிடம் பேசத் தமிழ் கற்றார். 1578-இல் கொல்லத்தில் அவர் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' தமிழ் நூலே.

இது கண்டு நெஞ்சு நிமிர்கிறது. நிமிரட்டும், ஆனால் அத்தோடு நின்றுவிடலாமா?

மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள நைஜீரியாவை எண்ணுங்கள். ஹவுசா, யொருபா, இக்போ முதலிய இனங்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட மொழிகள். 1914-இல் வடக்கையும் தெற்கையும் இணைத்து ஒரே ஆட்சிக்குள் அடக்கினர் ஆங்கிலேயர். 1960-இல் விடுதலை, 1967 முதல் 1970 வரை பயாப்ரா உள்நாட்டுப் போர். "பார்த்தீர்களா, பல மொழிகள் இருந்தால் பகைதான்!" என்பர் சிலர்.

அப்படியாயின் ஒரே மொழி பேசும் நம்மிடையே பகையே இருத்தல் கூடாதே! 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் நடந்தது என்ன? கூலி உயர்வு கேட்டுப் போராடிய தாழ்த்தப்பட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிந்து மாண்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கொளுத்தியவர் பேசியதும் தமிழ். கதறியவர் கதறியதும் தமிழ். தீயை அணைக்கத் தமிழால் இயலவில்லை!

பன்மொழி பகைக்கு வேரன்று. ஒருமொழி உறவுக்கு உறுதியுமன்று. ஒருவன் உழைப்பில் மற்றவன் உயர்வதும், பிறப்பைக் காட்டி அதனை நியாயப்படுத்துவதுமே வேர்.

வகுப்பறையில் 'அ' எழுதும் பிள்ளைகளின் கையெழுத்தைப் பார்த்துச் சாதி சொல்ல இயலுமா? இயலாது. மாலை மணி அடித்ததும் அவர்கள் திரும்பிச் செல்லும் தெருக்களோ சாதி சொல்லுகின்றன!

தோழர்களே, மொழி நம்மைப் பேச வைக்கும். ஒரே பந்தியில் அமர்வதும், சாதி பாராது மணப்பதும் நாம் செய்ய வேண்டிய வேலை. அதனைச் செய்யாதவன், "நாமெல்லாம் தமிழர்" என்று மேடையில் முழங்கும் உரிமையை எங்கிருந்து பெற்றான்?