42ஆம் வாரத்தில் ஒரு தீவு

ஒடென்சேயில் இருந்துகொண்டு இங்கிலாந்துக்குப் போகத் திட்டம் போட்டவர்களில் பெயர்போனவர் நான்காம் க்னுட் அரசர். 1085இல் இங்கிலாந்தைப் பிடிப்பதற்கென்று லிம்ஃபியோர்டில் கப்பல்களைத் திரட்டினார். கப்பல்கள் புறப்படவேயில்லை. அடுத்த வருடம் யூலை மாதம் கிளர்ச்சிக்காரர்கள் அவரை இந்த நகரத்துத் தேவாலயம் ஒன்றுக்குள் வைத்துக் கொன்றார்கள். அவருடைய எலும்புகள் இன்றும் எங்கள் பேராலயத்தின் நிலவறையில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. நான் போட்ட திட்டம் சின்னது. ஐந்து பேர், ஒரு கிழமை, ஒரு தீவு. அதுவும் இடையில் சிக்கிக்கொண்டது.

டென்மார்க்கில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு 42ஆம் வாரம் என்றால் என்னவென்று தெரியும். ஒக்ரோபர் நடுவில் வரும் இலையுதிர்கால விடுமுறை. பழைய ஆட்கள் இதை உருளைக்கிழங்கு விடுமுறை என்பார்கள். ஒரு காலத்தில் பிள்ளைகள் வயலில் கிழங்கு பொறுக்குவதற்காகப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். வேலை செய்வதற்காக விட்ட லீவு, இப்போது வேலையை மறப்பதற்கான லீவாகிவிட்டது.

இந்த வருடம் லிண்டிஸ்ஃபார்ன் போவோம் என்று சொன்னது நான்தான். இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் உள்ள சின்னத் தீவு. கரையிலிருந்து தீவுக்கு ஒரு தெரு போகிறது. நாளுக்கு இரண்டு தடவை கடல் அந்தத் தெருவை மூடிவிடும். எந்த நேரத்தில் கடக்கலாம் என்று அட்டவணை போட்டிருப்பார்கள். அதை மதிக்காமல் போய் அகப்படுகிறவர்கள் ஏறி இருப்பதற்கு, நடுவழியில் உயரமான கால்களில் ஒரு மரக் கொட்டில்கூட உண்டு. 793இல் வைக்கிங்குகள் கொள்ளையடித்த மடம் அங்கேதான் இருந்தது. மூத்தவளுக்கு அது சரித்திரப் பாடம். இளையவளுக்கு வாத்து. ஸ்வால்பார்டில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்துக்கு டென்மார்க்குக்கும் லிண்டிஸ்ஃபார்னுக்கும் இறங்கிவரும் வெளிர்வயிற்றுக் காட்டுவாத்துக் கூட்டம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி அவள் பள்ளிக்கூடத்தில் படம் கீறி ஒட்டியிருக்கிறாள்.

எனக்கு வேறொரு காரணம். இருபது வருடத்துக்கு முன் நியூகாசிலில் முதுகலை படித்தபோது சனி ஞாயிறுகளில் ஒரு பெற்றோல் செற்றில் நின்றேன். சப்பாத்தில் மணலோடு வருகிறவர்கள், தீவுக்குப் போய்விட்டு வருகிறோம் என்பார்கள். ஒன்றரை மணித்தியாலத்துக்கும் குறைவான ஓட்டம். ஒருநாளும் போகவில்லை. காசும் இல்லை, லீவும் இல்லை. போகலாம் என்ற எண்ணமும் இருக்கவில்லை என்பதுதான் உண்மை. நான் நெடுந்தீவில் பிறந்தவன். எங்களுக்குத் தீவு என்பது விட்டுவிட்டு வருகிற இடம். குறிகட்டுவானுக்கு வள்ளம் வருமா, கடல் விடுமா என்ற கணக்கோடு வளர்ந்தோம். 1985 மே 15ஆம் திகதி குமுதினிப் படகில் நடந்தது எங்கள் ஊரில் எந்த வீட்டுக்கும் தூரத்துச் செய்தியல்ல.

பயணத்துக்கு ஆயத்தம் செய்யத் தொடங்கினேன். 2025 ஏப்ரலில் இருந்து டெனிஷ் கடவுச்சீட்டுக்காரரும் பிரித்தானியாவுக்குள் போக முன்கூட்டியே மின்னனுமதி எடுக்கவேண்டும். 2025இல் ஆளுக்கு 16 பவுண் கட்டணம் இருந்தது. கைத்தொலைபேசியில் முகத்தைக் காட்டி, நாலைந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னேன். இரவுச் சாப்பாடு முடிவதற்குள் நாலு பேருக்கும் அனுமதி வந்துவிட்டது.

ஐந்தாவது ஆள் மாமி.

மாமியிடம் இருப்பது இலங்கைக் கடவுச்சீட்டு. டென்மார்க்கில் நிரந்தர வதிவிடம் உண்டு, குடியுரிமை இல்லை. மொழிப் பரீட்சை அவருக்குச் சரிவரவில்லை. அவருக்கு விசா வேண்டும். கட்டணம் (2025இல் 127 பவுண்), வங்கிக் கணக்கு, யார் செலவைப் பார்க்கிறார்கள் என்ற கடிதம், கைரேகை கொடுக்கக் கோபன்ஹேகன். எல்லாவற்றுக்கும் மேலாக, போனால் திரும்பி வருவார் என்பதற்கு ஆதாரம். முப்பத்தாறு வருடமாக ஒரே நகரத்தில் இருக்கிற ஒருவர், ஒரு கிழமை முடிய வீட்டுக்கு வருவார் என்று நான் நிரூபிக்க வேண்டும்.

"தம்பி, எனக்கு வேண்டாம். நீங்கள் பிள்ளையளோட போயிட்டு வாங்கோ. தீவு எனக்குப் புதிசே?" என்றார் மாமி. அவர் புங்குடுதீவு.

அந்தக் கிழமைதான் லண்டனில் இருக்கும் நண்பன் ஒருவனுக்கு இந்தத் திட்டத்தைச் சொன்னேன். "இங்கிலீஷ்காரன்ரை தீவிலை எங்கடை ஆக்கள் மூண்டு வருசம் இருந்தவை, தெரியுந்தானே?" என்றான். தெரியும். டியேகோ கார்சியா. 2021 ஒக்ரோபரில், கடலில் தத்தளித்த மீன்பிடிப் படகு ஒன்றிலிருந்து எங்கள் ஆட்கள் 89 பேர் அந்தத் தீவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். இந்து சமுத்திரத்தின் நடுவில் பிரித்தானியா தன் பெயரில் வைத்திருக்கும் நிலம், அமெரிக்கப் படைத்தளம். அந்தத் தளத்துக்காக அங்கே வாழ்ந்த சாகோஸ் மக்களை 1973 வரைக்குள் முழுவதுமாக வெளியேற்றினார்கள். சொந்தக்காரரை இருக்கவிடாத அதே தீவில், வந்தவர்களைப் போகவிடாமல் வேலிக்குள் கூடாரங்களில் வைத்திருந்தார்கள். குழந்தைகளும் இருந்தார்கள். 2024 டிசெம்பரில்தான் பெரும்பாலானவர்களைப் பிரித்தானியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களைத் தடுத்துவைத்தது சட்டவிரோதம் என்று அந்தப் பிரதேசத்தின் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதும் அதே மாதம்தான்.

இதைக் கேட்டபிறகு லிண்டிஸ்ஃபார்ன் விடுதியின் படங்களைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. குற்றவுணர்வு என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு நாள் அதோடு இருந்தேன். பிறகு எனக்கே அதில் சந்தேகம் வந்தது. குற்றவுணர்வு மலிவான சாமான். யாருக்கும் ஒன்றும் கொடுக்கத் தேவையில்லை, ஆனால் நான் நல்லவன் என்ற எண்ணத்தை மட்டும் தந்துவிடும். டியேகோ கார்சியாவில் இருந்தவர்களுக்கு என் விடுமுறையை ரத்துச் செய்வதால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அந்தக் கேள்வியைத் தூரத்துத் தீவில் வைத்துக்கொண்டால், சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே இருப்பவரைப் பார்க்காமல் விட்டுவிடலாம். நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

மாமாவுக்கு 1986இல் இங்கே அகதி அந்தஸ்து கிடைத்தது. அடுத்த வருடம் மாமிக்கும் என் மனைவிக்கும் விண்ணப்பித்தார். குடும்பத்தைச் சேர்த்துக்கொள்வது அப்போது அவருடைய சட்ட உரிமை. அதே 1987இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் தமிழரின் விண்ணப்பங்களை எடுக்காமல் அப்படியே வைத்திருக்கச் செய்தார். புங்குடுதீவில் மாமி நாலு வயதுப் பிள்ளையோடு காத்திருந்தார். இவர்கள் இங்கு வந்துசேர்ந்தது 1989 கடைசியில். 1993 சனவரியில் இந்த விவகாரத்தால் பிரதமர் பவுல் ஸ்லூட்டரின் அரசே பதவி விலகியது. 1995இல், அமைச்சர்களை விசாரிக்கும் தனி நீதிமன்றம் நின்-ஹான்சனுக்கு நாலு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை விதித்தது. டெனிஷ்காரர் இன்றும் அதைத் தமிழர் வழக்கு என்றுதான் சொல்கிறார்கள். ஒரு நாடு தன் பிழையைத் தானே விசாரித்தது பெரிய விசயம்தான். ஆனால் அந்தத் தீர்ப்பில் மாமிக்குத் திருப்பிக் கொடுக்கக்கூடிய இரண்டு வருடம் எதுவும் இருக்கவில்லை.

அந்த 1987இல்தான் ஜோசப் கேரன்ஸ் என்ற அரசியல் தத்துவவாதி ஒரு கட்டுரை எழுதினார். பணக்கார ஜனநாயக நாடுகளின் குடியுரிமை, பழைய நிலப்பிரபுத்துவக் காலத்துப் பிறப்புரிமைச் சலுகை போன்றது என்பது அதன் வாதம். எந்த வீட்டில் பிறந்தாய் என்பது உன் வாழ்க்கையைத் தீர்மானித்த இடத்தில், இன்று எந்த எல்லைக்குள் பிறந்தாய் என்பது நிற்கிறது. படித்தபோது ஒத்துக்கொண்டேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு விதிவிலக்கு வைத்திருந்தேன். நான் பிறப்பால் டெனிஷ்காரன் இல்லையே. படித்தேன், பரீட்சை எழுதினேன், வரி கட்டினேன். இந்தச் சிவப்புப் புத்தகம் நான் உழைத்து வாங்கியது.

மாமியின் விசாப் பத்திரத்தில் தொழில் என்ற பெட்டிக்கு வந்தபோதுதான் அந்த விதிவிலக்கு உடைந்தது. இருபத்துமூன்று வருடம் துப்புரவு வேலை. விடியப்புறம் நாலரை பஸ், பனி, இரண்டு பாடசாலைகள், ஒரு அலுவலகக் கட்டடம். அவருடைய முதுகு போனது அங்கேதான். நான் கதிரையில் இருந்து கணினிக்கு உத்தரவு போடுகிறவன். உழைப்புக்குக் கூலி கடவுச்சீட்டு என்றால் எங்கள் வீட்டில் அது முதலில் மாமிக்குத்தான் கிடைத்திருக்க வேண்டும். எங்கள் இருவருக்கும் இடையில் உள்ள வித்தியாசம் உழைப்பு அல்ல. எந்த வயதில் வந்தோம், யாருக்குப் படிக்க நேரம் கிடைத்தது என்பதுதான். அதை நான் சம்பாதிக்கவில்லை.

அப்படியானால் அந்தச் சலுகையைப் பாவிக்காமல் விடுவதா? இளையவளின் வாத்துகள் யூட்லாந்தில் மாரியாயர் ஃபியோர்டுக்கும் வருகின்றன. அங்கே போக மாமிக்கு ஒரு கடதாசியும் தேவையில்லை. எல்லோரும் அங்கேயே போவோம் என்று மாமியிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்காக நீங்கள் நிக்கிறது எனக்குச் சந்தோசம் எண்டு நினைக்கிறீங்களோ? என்ரை பிள்ளை போகேலாமல் இருந்தது காணும். அவளின்ரை பிள்ளையளாவது போகட்டும்."

அவர் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு. ஒருவரிடம் இல்லாததை மற்றவரிடமிருந்தும் பறித்தால் சமத்துவம் வரலாம், யாருக்கும் நன்மை வராது. ஆனால் அதைச் சாட்டாக வைத்து நாலு பேரும் விமானம் ஏறிவிடுவதும் சரியில்லை. இரண்டுக்கும் நடுவில் செய்யக்கூடிய ஒரு வேலை இருந்தது. சலிப்பான வேலை. அந்தப் பத்திரத்தை நிரப்புவது. சம்பாதிக்காமல் கையில் வந்த ஒன்றுக்குக் கடன் உண்டு என்றால், அந்தக் கடனின் முதல் தவணை வெட்கப்படுவது அல்ல, கூட இருந்து கடதாசி பார்ப்பது என்று எனக்குப் படுகிறது. அதை நான் பத்து வருடத்துக்கு முன்பே செய்திருக்கலாம். மாமி கேட்கவில்லை என்பதால் அவருக்கு ஆசை இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் நினைத்துப் பார்க்கிறேன். நெடுந்தீவே இப்போது விடுமுறைத் தீவு. தெற்கிலிருந்து வருகிறவர்கள் குதிரைகளையும் பெருக்க மரத்தையும் படம் எடுத்துக்கொண்டு பின்னேர வள்ளத்தில் திரும்புகிறார்கள். முன்பெல்லாம் அந்தப் படங்களைக் கண்டால் எரிச்சல் வரும். இப்போது அவ்வளவு வருவதில்லை. பார்க்க வருவது பிழையில்லை. பின்னேரம் திரும்ப ஒரு வள்ளம் இருப்பது தன் கெட்டித்தனம் என்று நினைப்பதுதான் பிழை.

இரண்டு இடத்திலும் அறை பதிந்திருக்கிறேன், கடைசிக் கிழமைவரை ரத்துச் செய்யலாம். விசா வந்தால் லிண்டிஸ்ஃபார்ன். வராவிட்டால் ஐந்து பேரும் மாரியாயர். மாமியின் கோபத்தை அப்போது பார்த்துக்கொள்வோம். போன சனிக்கிழமை அவரும் நானும் குசினி மேசையில் இருந்து பத்திரத்தை முடித்தோம். பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் என்ன எழுத என்று கேட்டேன்.

"வாத்துப் பாக்க எண்டு எழுதினால் தருவாங்களே?" என்றார். உல்லாசப் பயணம் என்று எழுதினேன்.

கோபன்ஹேகன் ரயிலுக்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்தபோது, அடுப்படியில் நின்றபடி மாமி கேட்டார்:

"தம்பி, அந்தத் தீவிலை எத்தினை மணிக்கு வத்து?"

அட்டவணையை எடுத்து அவரிடம் கொடுத்தேன்.