பெயரில்லாத கடதாசி உறை

துயருற்ற ஒருவருக்கு ஆறுதல் கொடுப்பது நன்மை. அதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால் அந்த ஆறுதல் எதனால் ஆனது என்பதை அவரிடம் மறைத்துக் கொடுப்பதும் நன்மைதானா? "சுகம் கிடைத்தால் போதாதா, குளிசையின் பெயர் எதற்கு?" என்று கேட்போரே எமது ஊர்களில் அதிகம். மனச்சோர்வுக்கும் பதகளிப்புக்கும் சேர்த்து ஒரே குளிசையாகக் கொடுக்கப்படும் கலவை மருந்துகளை முன்வைத்து இக்கேள்வியைச் சற்று ஆழமாக நோக்கலாம் என்று எண்ணுகிறேன். நான் ஓர் ஆசிரியன். மருந்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது வைத்தியரின் வேலை. மருந்தைக் கொடுப்பவருக்கும் உட்கொள்பவருக்கும் இடையே இருக்க வேண்டிய உண்மையைப் பற்றியே இங்கு பேசுகிறேன்.

மனச்சோர்வும் பதகளிப்பும் பல வேளைகளில் கூடியே வருகின்றன. ஒன்று, எதிலும் நாட்டமின்றி, விடியுமுன்னே விழித்து, இனி என்ன இருக்கிறது என்று மனிதரை முடக்கி வைப்பது. மற்றது, வராத ஆபத்துக்காக நெஞ்சைப் படபடக்க வைப்பது. இவை நோய்கள் என்பது மேற்கத்தேயர் நேற்றுக் கண்டுபிடித்த விடயமன்று. அபூ ஸைத் அல்பல்கீ (850–934) உடலினதும் உள்ளத்தினதும் நலம் பற்றி எழுதிய நூலில், காரணம் தெரிந்த கவலை வேறு, காரணம் தெரியாத கவலை வேறு என்று பிரித்துக் காட்டினார். பின்னையது உடலிலிருந்து எழுவது, அதற்கு உடல்வழிச் சிகிச்சை வேண்டும் என்பது அவரது கருத்து. அச்சத்தைத் தனியாக வைத்து ஆராய்ந்தார். மனச்சோர்வு கண்டவரை "ஈமான் பலவீனம்" என்று ஒரே சொல்லில் தள்ளிவிடும் எம்மவர், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த இந்த அறிஞரின் நிதானத்தையாவது கற்றுக்கொள்ளலாம்.

இனி மருந்துக்கு வருவோம். மனச்சோர்வை நீக்கும் மருந்துகள் மெதுவாக வேலை செய்பவை. பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரங்கள் வரை செல்லும். பதகளிப்பையும் அவற்றிற் பல தணிக்கும். ஆனால் அதற்கும் அதே காத்திருப்பு வேண்டும். இந்த இடைக்காலத்தில் நித்திரையின்றித் தவிப்பவரிடம் பொறுமையாக இருங்கள் என்று சொல்வது எளிது, இருப்பது கடினம். மறுபுறத்தில், பென்சோடயசெபீன் வகை மருந்துகள் ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே பதற்றத்தைத் தணிக்கக்கூடியவை. அவ்வகையில் முதலாவதான குளோர்டயசெபொக்சைட் 1960 இல் சந்தைக்கு வந்தது. மனச்சோர்வுக்கான அமிட்ரிப்டிலின் 1961 இல் வந்தது. பின்னர் இவ்விரண்டையும் ஒரே குளிசையில் அடக்கி விற்றார்கள். ஒன்று உடனே தணிக்கும், மற்றது மெல்லக் குணமாக்கும் என்பதே அந்த இணைப்பின் நியாயம்.

நியாயம் பொய்யன்று. மனச்சோர்வு நீக்கியுடன் பென்சோடயசெபீனையும் சேர்த்துக் கொடுத்த 10 பரிசோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த கொக்ரேன் மீளாய்வு ஒன்று 2019 இல் வெளிவந்தது. முதல் நான்கு வாரங்களில் சேர்த்துக் கொடுப்பது கூடுதல் பலன் தருகிறது, அதன் பின்னர் அந்த வேறுபாடு காணப்படவில்லை என்பது அதன் முடிவு. அதேவேளை, பென்சோடயசெபீன் வாரக்கணக்கில் நீளும்போது உடல் அதற்குப் பழகிவிடுகிறது. திடீரென நிறுத்தினால் நடுக்கமும் நித்திரையின்மையும், சிலருக்கு வலிப்பும்கூட வரலாம். ஆகவே ஒரு மருந்து சில வாரங்களில் விடைபெற வேண்டியது. மற்றது பல மாதங்கள் தங்க வேண்டியது. இரண்டையும் ஒரே குளிசையில் பிணைத்துவிட்டால், போக வேண்டியதை மட்டும் எப்படி வழியனுப்புவது? இரண்டு குளிசைகளாகத் தந்தால் ஒன்றைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தலாம்.

இன்னுமோர் உதாரணம். புளூபென்டிக்சோல், மெலிட்ராசென் என்ற இரண்டையும் சேர்த்து டென்மார்க் கம்பனியொன்று தயாரித்த குளிசை ஆசிய நாடுகள் பலவற்றில் தாராளமாக விற்பனையானது. அந்தக் கலவைக்குக் கம்பனியின் சொந்த நாடான டென்மார்க்கில் அனுமதி இருக்கவில்லை. 2012 இல் இந்தியப் பாராளுமன்றக் குழுவொன்று இதனைச் சுட்டிக்காட்டியது. 2013 ஜூனில் இந்திய அரசு அதன் விற்பனையை இடைநிறுத்தியது. ஒரு நாட்டில் அனுமதி இல்லாததால் மட்டும் ஒரு மருந்து நஞ்சாகிவிடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அக்குளிசையில் உள்ள புளூபென்டிக்சோல் உளமாய நோய்களுக்கும் கொடுக்கப்படும் மருந்து. நீண்டகாலம் உட்கொண்டால் சிலருக்கு வாயும் கைகால்களும் தாமாக அசையும் கோளாறு ஏற்படலாம். "மனதுக்குச் சுகம்" என்று மட்டும் கேட்டு அதனை விழுங்கியவர்களுள் எத்தனை பேருக்கு இது சொல்லப்பட்டிருக்கும்?

மறைப்பவர்களிடமும் ஒரு நியாயம் உண்டு. மனநோய்க்கான மருந்து என்று சொன்னால் அவர் உட்கொள்ள மாட்டார். ஊர் அறிந்தால் மகளின் கலியாணம் தடைப்படும். "நரம்புக்கு" என்று சொன்னால் உட்கொள்வார், பிழைப்பார். உயிரைக் காக்கும் பொய் என்று இதனை நியாயப்படுத்துகிறார்கள். எமது மாணவன் ஒருவனின் தாயார் கடதாசி உறையொன்றைக் காட்டி ஒருமுறை என்னிடம் கேட்டார்: "சேர், இது நரம்புக் குளிசைதானே? ரெண்டு நாள் உடாமப் போட்டா சுகம், உட்டா ஏன் கை நடுங்குது?" உறையில் "காலை 1, இரவு 1" என்பதைத் தவிர வேறெதுவும் இல்லை. அவரை மீண்டும் டொக்டரிடம் போகச் சொல்வதைத் தவிர என்னால் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை.

அந்தப் பொய் முதல் நாளில் அவருக்கு உதவியிருக்கலாம். குளிசையை எப்படி விடுவது என்று அறிய வேண்டிய நாளில் அதே பொய் அவரைக் கைவிட்டது. அத்தோடு, மறைக்கப்படும் ஒவ்வொரு முறையும், இது மறைக்க வேண்டிய நோய்தான் என்ற ஊரின் எண்ணம் மேலும் உறுதிப்படுகிறது. வெட்கத்திலிருந்து காப்பாற்றவென்று சொன்ன பொய் வெட்கத்தையே வளர்க்கிறது.

ஆயினும் எல்லாவற்றையும் முதல் நாளே கொட்டிவிட வேண்டும் என்று நான் வாதிடவில்லை. ஆழ்ந்த சோர்வில் இருப்பவரால் பக்கவிளைவுப் பட்டியலை நிறுத்துப் பார்க்க இயலாது. அவரிடம் சிறிது சிறிதாகச் சொல்லலாம். சிலவற்றை அடுத்த சந்திப்புக்குத் தள்ளிவைக்கலாம். தள்ளிவைப்பது வேறு, மறைப்பது வேறு. தள்ளிவைப்பவர் நோயாளியைச் சுகமாகி வரப்போகும் மனிதராக மதிக்கிறார். மறைப்பவரோ அவரை என்றென்றும் சிறுபிள்ளையாகவே வைத்துவிடுகிறார்.

பேராசிரியர் சேனக பிபிலே 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராகப் பொறுப்பேற்றபோது, மருந்துகளை வியாபாரப் பெயரால் அன்றி அவற்றின் சொந்தப் பெயரால் எழுத வேண்டும் என்று போராடினார். பணமும் மருந்தும் வீணாகாதிருக்க அது அவசியமாயிற்று. மனதுக்கான மருந்தில் அதற்கு இன்னொரு பயனும் உண்டு. தான் உட்கொள்வது இன்னதென்று அறிந்தவரே தனது சுகத்தில் தானும் ஒரு பங்காளியாகிறார்.

ஆகவே இதனை வாசிப்போரிடம் ஒரு வேண்டுகோள். யாரும் இதனால் தாம் உட்கொள்ளும் குளிசையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது, அது ஆபத்து. இதில் என்னென்ன இருக்கின்றன, எதை எவ்வளவு காலம் உட்கொள்ள வேண்டும், எப்படி விட வேண்டும் என்ற மூன்றையும் டொக்டரிடம் கேளுங்கள். பதிலை உறையின் மேலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அதற்கு அரை நிமிடம்தான் செல்லும்.