உடன்பாடு இழிவா?

"உடன்பாடு" என்றதும் முகஞ்சுளிப்பது கொள்கைவழி நிற்கும் இளைஞரிடையே வழக்கம். கொள்கையை விலைபேசியவன் கூறும் சாக்கு அது என்பர். எல்லா உடன்பாடும் அத்தகையதுதானா? அமெரிக்க நாட்டின் துப்பாக்கிப் பூசலை உரைகல்லாகக் கொண்டு இதனைச் சற்றே ஆராய்வோம்.

1791-இல் அந்நாட்டு அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட இரண்டாவது திருத்தம், படைக்கலம் வைத்திருப்பதை மக்களின் உரிமை என்கிறது. உரிமையைத் தொடாதே என்கிறது ஓர் அணி. உயிர் போகிறதே என்று கதறுகிறது மற்றோர் அணி. 2022 மே திங்களில், டெக்சாஸ் மாநிலத்து யுவால்டி நகரத் தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொன்றவனுக்கு வயது 18. துப்பாக்கியைத் திருடினானா? இல்லை, சட்டப்படி விலைகொடுத்து வாங்கினான்!

ஆசிரியரிடமே துப்பாக்கியைக் கொடுத்துவிடலாம் என்போரும் அங்கே உளர். 2024-இல் டென்னசி மாநிலம் அதற்கு இடந்தந்து சட்டமே இயற்றியது. நானும் சுண்ணக்கட்டி பிடிப்பவன்தான். என் வகுப்பிலே, என் மேசையறையிலே, ஒரு கைத்துப்பாக்கி! எண்ணவே உள்ளம் நடுங்குகிறது.

அப்படியாயின், அத்தனை துப்பாக்கிகளையும் பறித்திடுவதுதானே பகுத்தறிவு? பொறுங்கள் தோழர்களே! பறித்தவர் யார், பறிகொடுத்தவர் யார் என்று கேட்க வேண்டாமா? அடிமைத்தளை அறுந்த 1865-ஆம் ஆண்டிலேயே, விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருக்கலாகாது என்று மிசிசிப்பி மாநிலம் சட்டம் செய்தது. 1956-இல் மார்ட்டின் லூதர் கிங்கின் இல்லத்தின்மீது குண்டு வீசினர். மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருந்தனர். தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமம் கேட்டார் கிங். மறுத்தனர்! 1967-இல் கருஞ்சிறுத்தைக் கட்சியினர் துப்பாக்கி ஏந்திக் காவலரைக் கண்காணித்தனர். உடனே கலிபோர்னியாவில் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. கையெழுத்திட்டவர் ஆளுநர் ரேகன். ஏட்டிலே சட்டம் நிறம் பார்க்கவில்லை. ஏட்டைப் பிடித்த கை பார்த்தது!

ஆகவே, கட்டுப்பாடு வேண்டுமா வேண்டாமா என்பதோடு வழக்கு முடிந்துவிடாது. அளவுகோல் எவர் கையில் என்பதும் அதன் பகுதியே. தக்க காரணம் உண்டென்று அதிகாரி மனநிறைவு கொண்டாலன்றி வெளியே துப்பாக்கி கொண்டு செல்ல உரிமம் இல்லை என்றது நியூயார்க் சட்டம். 2022-இல் உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாதென்றது. சீர்திருத்தம் விரும்புவோர் பலர் கலங்கினர். ஆனால், அந்நகரத்து ஏழைகளுக்காக வாதாடும் வழக்கறிஞர் சிலரே அச்சட்டத்தை எதிர்த்து நின்றதை மறக்கலாமா? சிறைக்குச் சென்றோர் பெரும்பாலும் அவர்தம் கட்சிக்காரர்களாயிற்றே! குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடையாணை பெற்றவனிடம் துப்பாக்கி இருத்தலாகாது என்ற சட்டத்தையோ, 2024-இல் அதே உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்ற கணக்கில் ஏற்றது. அங்கே அளவுகோல் அவன் செய்த செயல். அவன் பிறப்பன்று, அதிகாரியின் விருப்பு வெறுப்பும் அன்று.

நான் நாடும் உடன்பாடு இதுவே: வயது, பயிற்சி, முன்செய்த வன்முறை ஆகியவற்றை எல்லோர்க்கும் ஒன்றுபோல் பார்ப்பது. துப்பாக்கியே இல்லாத நாடு என்ற கனவை ஓரணி கைவிட வேண்டும். கேள்வியின்றி வாங்கும் வசதியை மற்றோரணி இழக்க வேண்டும். யுவால்டிக்குப் பின், 21 வயதுக்குட்பட்டோர் வாங்குமுன் கூடுதல் விசாரணை வேண்டும் என்ற சட்டம் செனட் சபையில் 65-க்கு 33 என நிறைவேறியது. குடியரசுக் கட்சியினர் 15 பேரும் ஆதரித்தனர். இதைக் கொள்கைத் துரோகம் என்று நான் கூறமாட்டேன். போதுமானதென்றும் கூறமாட்டேன். பிள்ளைகளைப் பறிகொடுத்த யுவால்டிப் பெற்றோர், அத்தகைய துப்பாக்கி வாங்கும் வயதை 21 ஆக உயர்த்துமாறு 2023-இல் டெக்சாஸ் சட்டமன்றத்தின் படியேறிக் கேட்டனர். அது சட்டமாகவில்லை.