சிப்பியும் வெள்ளியும்

தவறாகக் காட்டும் கருவி பொய்யைத்தான் காட்டுகிறதா என்பது தர்க்க சாஸ்திரிகள் நெடுங்காலம் விவாதித்த பிரச்சினை. இன்று தளவாய்புரத்து வீடொன்றில், மலிவாக வாங்கிய பிலிம் ஸ்கேனரின் முன் அமர்ந்து, பழைய நெகடிவ்களைக் கணினியில் ஏற்ற முயல்பவனுக்கும் அது தவிர்க்கவொண்ணாத வினாவாகிவிடுகிறது. ஒரு சமயம் ஒழுங்காக இயங்கி, மறு சமயம் படத்தின் குறுக்கே கோடிழுத்து, வானத்தின் நீலத்தையும் பச்சையாக்கிவிடும் அதனைப் பொய்ச்சாட்சி என்று ஒதுக்கிவிடலாமா?

சிப்பியை வெள்ளியென்று மயங்கும் உதாரணத்தைக் கொண்டு, அவ்வெள்ளி உள்ளதென்றும் இல்லதென்றும் நிர்ணயிக்க இயலாத அநிர்வசனீயம் என்றனர் அத்வைதிகள். ஆண்டாள் ‘அண்ணா’ என்று அழைத்ததாக ஸ்ரீவில்லிபுத்தூர் மரபு போற்றும் இராமாநுஜரோ, சிப்பியிலும் வெள்ளியின் அம்சம் சிறிதுண்டு, அதை மட்டும் கண்டு மிகுதியைக் காணாது விட்டதே பிரமை என்று ஸ்ரீபாஷ்யத்தில் நிறுவினார். காமாலைக் கண்ணுக்குச் சங்கு மஞ்சளாகத் தோன்றும்போதும் அந்த மஞ்சள் பொய்யன்று. பித்தத்தின் மஞ்சள் அது.

அவ்வாறே, குறுக்கே ஓடும் கோடு பிலிமில் இல்லாதிருப்பினும், ஸ்கேனரின் உணரியிலுள்ள பழுது மெய்யே. பிலிமைத் தலைமாற்றிச் செருகி மறுபடியும் ஓட்டினால், கூடவே இடம் மாறும் கீறல் பிலிமுடையது என்றும், இருந்த இடத்திலேயே நிற்பது கருவியுடையது என்றும் பகுத்தறியலாம்.

தையல் மிஷின்களின் பஞ்சிழை காற்றில் மிதக்கும் எங்களூரில், தூசியைத் தானே நீக்கும் அகச்சிவப்புக் கதிர் வசதி பெருவரமாகத் தோன்றும். வண்ணச் சாயங்களை ஊடுருவிச் செல்லும் அக்கதிர் தூசியில் தடைபட, தடைபட்ட இடங்களை மென்பொருள் அக்கம்பக்கத்து நிறங்களால் நிரப்பிவிடும். ஆனால், உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பெற்ற ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் ‘இந்து’ கறுப்பு வெள்ளைப் பிலிமில் உருவத்தைத் தாங்கி நிற்பவை மெய்யான வெள்ளித் துகள்கள். அவையும் அகச்சிவப்பைத் தடுப்பதால், பாட்டனாரின் முகத்தையே தூசியென்று கருதி இயந்திரம் மழுக்கிவிடுகிறது. சிப்பியை வெள்ளியென்று மயங்கினான் மனிதன். வெள்ளியையே அழுக்கென்று மயங்குகிறது இயந்திரம். தடையொன்று உண்டென அது கண்டது மெய். அத்தடை இன்னதெனத் துணிந்ததே பிழை.

ஆகவே பிரமை நீங்குவது கண்டதை மறுப்பதாலன்று, காணாது விட்டதையும் சேர்த்துக் காண்பதாலேயாம். ஸ்கேன் ஆகிவிட்டது, இனி எதற்கென்று நெகடிவைக் குப்பையில் எறிபவன், ஓர் அம்சத்தையே முழுமையென்று கொண்ட இயந்திரத்தின் பிழையைத் தானும் செய்கிறான். அவன் பிழையைத் திருத்த மறுமுறை ஓட்டிப் பார்க்கவும் வழியிராது.