மீன்கார அம்மைமார் சொன்னது

தூத்துக்குடியின் திரேஸ்புரக் கரையில் மீன் விற்கும் மூதாட்டிமார், விலை பேசுமுன்பே செவுளை விரலால் விலக்கி அதன் செந்நிறத்தைக் காட்டி, சதையை அழுத்தினால் குழி உடனே நிமிர்கிறதா என்று நம்மையே பரீட்சித்துப் பார்க்கச் சொல்வது அபூர்வமான நேர்மை. “மீனைப் போட்ட பெறவு அகப்பையை விட்டுக் கிண்டாதீய, சட்டியைத் தூக்கிச் சுழத்துங்க” என்று அவர்களில் ஒருவர் உரைத்த வாசகம், மண்சட்டியில் புளிக்குழம்பு கொதிக்கும்போதெல்லாம் என் செவியில் ஒலிக்கிறது; ஏனெனில் சாளை மீனின் மென்சதை கரண்டி பட்டால் உதிர்ந்துபோகும். கருவாட்டின் மிகையான உப்பை நீக்க அரிசி கழுவிய நீரில் ஊறவைக்கும் உபாயமும் அவர்கள் உபதேசமே. உப்பளங்கள் சூழ்ந்த தூத்துக்குடியில் இவ்வனுபவ ஞானத்தைச் சமையல் நூலாசிரியர்கள் கேட்டெழுதியிருக்க வேண்டாமா? பிரசவித்த தாய்க்கு என்று சொன்னால் போதும், மற்ற மீன்களை ஒதுக்கிவிட்டுப் பால்சுறாவையே தேடி எடுத்து, புட்டுக்கு வேண்டிய பூண்டின் அளவையும் சொல்லித் தருவார்கள்.